பொன்னாடை போர்த்தினோம், புத்தகத்தைத் திறந்தோமா?

சென்ற மாரி காலத்தில் ஒரு மாலைப் பொழுது. மட்டக்களப்பு வாவிக் கரைப் பட்டினம் ஒன்றிலே சிறுகதைத் தொகுதி ஒன்றின் வெளியீட்டு விழாவுக்கு நாம் சென்றிருந்தோம். வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, மங்கல விளக்கேற்றி விழா தொடங்கிற்று. வரவேற்புரை நிகழ்ந்தது, தலைமையுரை நிகழ்ந்தது, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை என உரைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. முதற் பிரதியை வர்த்தகப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொண்டார். சிறப்புப் பிரதி பெறுவதற்கு வைத்தியர்களும் பொறியியலாளர்களும் சட்டத்தரணிகளும் அதிபர்களும் வரிசையாக மேடையேறினர்; கடித உறையிலே பணம் வைத்து நீட்டினர்; நிழற்படத்துக்கு நின்றனர்; இறங்கினர். நூலாசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினர். மேடையில் இருந்தோர் அனைவருக்கும் போர்த்தினர். ஏற்புரையும் நன்றியுரையும் முடிந்தபோது இரவு ஒன்பது மணி.

மூன்று மணி நேரம் நடந்த அந்த விழாவிலே, அந்நூலிலிருந்து ஒரு பந்தியையேனும் எவரும் வாசித்துக் காட்டவில்லை!

மூன்று கிழமை கழிந்தது. அன்று சிறப்புப் பிரதி பெற்றவருள் ஒருவரைச் சந்தித்தோம். எமக்கு மூத்தவர், நல்லவர், ஊருக்கு ஓர் இடர் வந்தால் முன்னிற்பவர். "கதைகள் எப்படி, ஐயா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "எங்க தம்பி நேரம்? புத்தகம் காரிலதான் கிடக்குது" என்றார். பார்த்தோம். உண்மைதான். பின்னிருக்கையிலே, சுற்றிய கடதாசி கூடப் பிரிக்கப்படாமல், பத்து எழுத்தாளனின் இரவுகளை விழுங்கிய உழைப்புக்கு ஈடான அந்தச் சிறு நூல் வெயிலிற் காய்ந்துகொண்டு கிடந்தது.

அந்தப் பெரியவர் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதனை நாம் எழுதவில்லை. அந்தக் கூண்டு பெரிது. நாம் எல்லோருமே அதில் ஏறி நிற்கலாம். எழுத்தாளனைப் போற்றுவது வேறு. எழுத்தை வாசிப்பது வேறு. பசித்து வந்தவனுக்குச் சோறு போடாமல் அவன் கழுத்தில் மாலை போட்டு அனுப்பும் வழக்கத்தை நாம் இலக்கியத்தின்மீது பழகிவிட்டோம். விழா எடுப்பதில் எமக்கு நிகர் எவருமிலர். வாசிப்பதிலோ?

இந்தக் கேள்வியைப் பட்டணத்து உத்தியோகத்தரையும் கேட்கிறோம். படுவான்கரை உழவரையும் கேட்கிறோம். இருவரும் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நேரமில்லையாம்!

நேரமில்லை என்போரே, உங்கள் கையை நோக்குங்கள். அதிலே இருக்கும் தொலைபேசி ஓர் இரவிலே உங்கள் நேரத்தில் எவ்வளவை விழுங்குகின்றது என்று என்றேனும் கணக்குப் பார்த்தீர்களா? முகந்தெரியாத ஒருவன் எங்கோ சமைத்த உணவைக் காண நேரமுண்டு. முடிவே இல்லாத தொலைக்காட்சித் தொடரில் மாமியும் மருமகளும் மோதுவதைக் காண நேரமுண்டு. பத்துப் பக்கக் கதை ஒன்றை வாசிக்கத்தான் நேரமில்லை! சிறுகதை அரை மணி நேரத்தில் முடிவது. பிள்ளையைத் தனியார் வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, வாயிலிலே மோட்டார்ச் சைக்கிளின்மேல் அமர்ந்து காத்திருக்கும் நேரத்தில் மூன்று கதைகளை முடித்துவிடலாம்.

உருசிய நாட்டு அந்தன் செக்கோவைச் சிறுகதையின் பேராசான் என்று உலகம் கொண்டாடுகின்றது. அவர் தொழிலால் வைத்தியர். 1892இல் வாந்திபேதி அச்சுறுத்திய காலத்தில் தாம் வாழ்ந்த பகுதியின் கிராமங்களுக்கெல்லாம் பொறுப்பேற்று நோயாளரைப் பார்த்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1890இல், சகலின் தீவுக்குச் சென்று அங்கிருந்த கைதிகளின் அவலத்தை ஆராய்ந்தார். திரும்பும் வழியில் எமது இலங்கையிலும் கால்வைத்தார். 'குசேவ்' என்னும் அவருடைய கதை அந்தக் கடற்பயணத்தோடு ஒட்டிப் பிறந்தது. 1904இல் அவர் மறைந்தபோது வயது 44. எழுதுவதற்கு அந்த வைத்தியருக்கு நேரம் இருந்தது. வாசிப்பதற்கு எமது வைத்தியருக்கு நேரமில்லையாம்!

உருசியா தொலைவில் உள்ளது என்பீர்களாயின் அண்மைக்கே வாருங்கள். நல்லூரிற் பிறந்து மட்டக்களப்பிலே ஆசிரியராகப் பணியாற்றிய எஸ். பொன்னுத்துரை, 1961இல் 'தீ' என்னும் நாவலையும் 1966இல் 'வீ' என்னும் சிறுகதைத் தொகுதியையும் தந்தார். மருதமுனையின் மருதூர்க்கொத்தன் ஆசிரியர். ஓட்டமாவடிப் பக்கத்து எஸ். எல். எம். ஹனீபா கால்நடைத் துறையிலே பணியாற்றியவர். மாட்டுப் பட்டிகளுக்கும் கிராமங்களுக்கும் அலைந்த அவர் எழுதிய கதைகள் 1992இல் 'மக்கத்துச் சால்வை' என்னும் தொகுதியாயின. இவர்களுள் எவரும் கதை எழுதி வயிறு வளர்த்தவரல்லர். பகலெல்லாம் சம்பளத்துக்கு உழைத்து, இரவின் உறக்கத்தைக் குறைத்து எழுதியவர்கள். அவர்கள் கொடுத்த இரவுகளுக்கு நாம் ஓர் அரை மணி நேரத்தைக் கொடுக்க மறுக்கிறோம். இது சோம்பல் மட்டுமன்று, நன்றிகேடு.

கதை பொய்யாம்!

"கதை கட்டுக்கதைதானே! பயனுள்ள நூலாயின் வாசிக்கலாம்" என்று பேசும் படித்தவர்களை நாம் அறிவோம். பயன் என்று அவர்கள் கருதுவது சம்பள உயர்வுக்கான தடைதாண்டற் பரீட்சையை மட்டுமே!

லெனாட் வூல்வ் என்னும் ஆங்கிலேயர் 1904 முதல் 1911 வரை இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். அம்பாந்தோட்டையிலே உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றியபோது அவர் அறிக்கைகள் எழுதினார். உத்தியோக நாட்குறிப்பும் எழுதினார். ஆயினும், தாம் கண்ட சேனைப் பயிர்க் குடியானவனின் வறுமையையும் கடனையும் அழிவையும் சொல்ல அவையெல்லாம் அவருக்குப் போதவில்லை. நாடு திரும்பிய பின், 1913இல், காட்டிடைக் கிராமம் ஒன்றைப் பற்றி அவர் நாவல் எழுதி வெளியிட்டார். ஆள வந்த இனத்தவன் ஒருவன் ஆளப்பட்டவனின் குடிசைக்குள்ளே புகுந்து, அவன் அச்சத்தையும் பசியையும் உள்ளிருந்து கண்டான். எந்த வழியாற் புகுந்தான்? கதை என்னும் வழியால்! நீங்கள் பொய் என்று தள்ளும் அந்த வழியால்!

1978 நவம்பர் 23இல் இப்பிரதேசத்தைச் சூறாவளி புரட்டிப் போட்டது. 2004 டிசெம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. எத்தனை வீடுகள் கூரை இழந்தன, எத்தனை தென்னைகள் சாய்ந்தன என்பதைக் கச்சேரிக் கோப்புச் சொல்லும். அது வேண்டியதுதான். ஆனால், தண்ணீர் வாசலுக்கு வந்த அந்தக் கணத்திலே தன் இரண்டு பிள்ளைகளுள் எந்தப் பிள்ளையை ஒரு தாய் முதலில் தூக்கினாள், மற்றப் பிள்ளையின் முகத்தை அதன் பின் எவ்வாறு நோக்கினாள் என்பதைக் கோப்புச் சொல்லுமா? சொல்லாது. அதனைச் சொல்வதற்குக் கதை ஒன்றே உண்டு. கணக்கு அறிவுக்கு மெய். கதை நெஞ்சுக்கு மெய். இரண்டில் ஒன்றை இழந்த சமுதாயம் ஒற்றைக் கண்ணோடு நடப்பது.

உழவனுக்குக் கதை எதற்காம்?

இனி வேறொரு கூட்டத்தார். "கதையும் இலக்கியமும் பட்டணத்து ஆட்களுக்கு. வயலிலே நிற்பவனுக்கு உர விலையும் நெல் விலையுந்தான் இலக்கியம்" என்பது அவர்கள் வாதம். இதனைச் சொல்பவர் பெரும்பாலும் உழவரல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும்! உழவன் பெயரால் மற்றவர் சொல்லும் அவமதிப்பு இது.

வைகாசி பிறந்தால் மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகியம்மன் கோயில்களிலே நடப்பது யாது? கண்ணகி வழக்குரையை ஏடு பார்த்து ஒருவர் பாட, ஊரே இருந்து கேட்கின்றது. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலிலே பாரதக் கதை சடங்காகவே நிகழ்கின்றது. பஞ்ச பாண்டவர் வனவாசம் போவதை ஊர் முழுவதும் கண்ணீரோடு பார்க்கின்றது. களரி கட்டி ஆடும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை விடிய விடிய இருந்து பார்த்தவர் யார்? பல்கலைக்கழகப் பேராசிரியரா? வரம்பிலே கால் தேய்ந்த உழவர்! அண்ணாவியார் தாளம் பிசகினால் களரியின் ஓரத்திலிருந்து முணுமுணுத்தவரும் அவரே. நயமறிந்த சபை அது.

பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலிலே இம்மண்ணின் சொல்வளத்தையும் பாட்டையும் வழக்கத்தையும் தொகுத்து வைத்தார். அவர் அச்செல்வத்தை எடுத்தது எங்கிருந்து? வயலிலிருந்தும் வாடியிலிருந்தும் கோயில் முன்றிலிலிருந்தும். வேளாண்மை என்றாலே நெற்பயிர் என்று பொருள் கொள்ளும் மண் இது. சூடடிக்கும் களத்திலே நெல்லை நெல் என்னாமல் 'பொலி' என்று மங்கலமாகச் சொல்லும் மக்கள் இவர்கள். சொல்லை இவ்வளவு அஞ்சி, மதித்து ஆளத் தெரிந்தவனுக்குச் சிறுகதை விளங்காதாம்! என்னே அறியாமை!

உழவனுக்குக் கதை வேண்டாமல் இல்லை. அவன் கைக்குக் கதை வந்து சேரவில்லை. வந்த ஒன்றிரண்டும் அவன் பேச்சில் இல்லை. அவன் வாழ்வைப் பற்றியும் இல்லை. அப்படி இருக்கும் நூல்களின் பெயரை அவனுக்கு எவரும் சொல்லவும் இல்லை. குற்றம் எவருடையது?

பரீட்சைக்குப் பலியான சிறுகதை

பாடசாலையிலே சிறுகதை உண்டே என்பீர்கள். உண்டு. எப்படி உண்டு? கதையைப் பிள்ளை வாசிக்குமுன்னரே குறிப்புக் கொப்பி வந்துவிடுகின்றது. "இக்கதையில் ஆசிரியர் கையாளும் உத்திகள் ஐந்து தருக." "பிரதான பாத்திரத்தின் பண்புகள் நான்கு கூறுக." "இக்கதை தரும் படிப்பினை யாது?" பிள்ளை ஐந்தையும் நான்கையும் மனனம் செய்கின்றது, புள்ளி வாங்குகின்றது. சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறுநாளே அந்த நூல் பழைய கடதாசிக் கடைக்குப் போகின்றது. அதன்பின் அந்தப் பிள்ளை வைத்தியராகலாம், கணக்காளராகலாம், கதை என்றால் மட்டும் பரீட்சை மண்டபத்து வியர்வையே அதற்கு நினைவில் எழும்.

மாம்பழத்தைக் கையிற் கொடுத்து, "தின்னாதே; இதிலுள்ள உயிர்ச்சத்துகளைப் பட்டியலிடு" என்று சொல்வாருண்டோ? எமது தமிழ்ப் பாட வேளைகளிலே நடப்பது அதுவே. ஆசிரியர்களை மட்டும் நாம் குறை கூறவில்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே ஒரு புள்ளியேனும் கிடைக்காவிட்டால் வீட்டிலே சாவு விழுந்ததுபோல் அழும் பெற்றோர், அந்தப் பிள்ளை கதை நூல் வாசிக்கக் கண்டால் பறித்து எறிகின்றனர். ஒரு முறையேனும், ஆசிரியர் கதையைக் குரலெடுத்து வாசித்து, முடித்து, ஒன்றும் கேட்காமல் ஒரு நிமிடம் வாளாவிருக்கட்டும். அந்த ஒரு நிமிட மௌனத்திலே பிள்ளைக்குள் நிகழ்வதுதான் இலக்கியம். உத்திகள் ஐந்தும் பிறகு தாமே வரும்.

பக்கத்து வீட்டுக் கதவு

இதுவரை சொன்னவை பண்பாட்டுக் குறைகள். இனிச் சொல்வதோ உயிர்ப் பிரச்சினை.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை கடற்கரை வழியே சென்று பாருங்கள். ஒரு தமிழூர், அதனை அடுத்து ஒரு முஸ்லிம் ஊர், மீண்டும் ஒரு தமிழூர். 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிந்தது. ஆனால் பேச்சும் வயலும் சந்தையும் பிரியவில்லை. ஒரே வாய்க்கால் நீர் இருவர் வயலிலும் பாய்கின்றது. ஒரே மொழியிலே இருவரும் தாலாட்டுகின்றனர். அவ்வாறிருந்தும் 1990ஆம் ஆண்டு இக்கரையோரத்துத் தமிழூர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் அப்பாவி மக்களின் இரத்தம் ஆறாய் ஓடிற்று. ஒவ்வோர் ஊரும் தன் இறந்தோரை எண்ணிற்று. மற்ற ஊரின் இறந்தோரை எண்ண மறந்தது. போர் 2009இல் முடிந்தது. சந்தை மீண்டும் கூடிற்று. ஆனால், கடைவாசல் வரை வருபவர் வீட்டுக்குள்ளே வருகின்றனரா?

தமிழ் அன்பரே, உம்மைக் கேட்கிறோம். பித்தன் என்னும் பெயரில் எழுதிய கே. எம். ஷா மட்டக்களப்பு மண்ணின் மூத்த சிறுகதையாளருள் ஒருவர். அவருடைய கதைகள் தொகுதியாக வந்ததே அவர் மறைந்த பின்னர்தான். வாசித்தீரா? மருதூர்க்கொத்தனை வாசித்தீரா? 'மக்கத்துச் சால்வை'யை வாசித்தீரா? ஒரு மைல் தொலைவிலே உள்ள வீட்டிலே என்ன சொல்லி அழுகின்றனர், எதற்காகச் சிரிக்கின்றனர் என்று அறியாமல், அவர்களைப் பற்றி மேடையிலே கருத்துரைக்கத் துணிந்தது எப்படி?

முஸ்லிம் அன்பரே, உம்மையும் கேட்கிறோம். பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம் கவிஞராக மட்டும் நின்றவரல்லர், கதையும் எழுதியவர். உமா வரதராஜனின் 'உள்மன யாத்திரை' 1988இல் வெளிவந்தது. அவருடைய 'அரசனின் வருகை' என்னும் கதை, எவர் பெயரையும் சுட்டாமலே, அழிந்த ஊருக்கு அரசன் வரும் காட்சியைக் காட்டுவது. அவற்றைத் தேடினீரா?

இருவரையும் சேர்த்துக் கேட்கிறோம். விமல் குழந்தைவேல் 2011இல் தந்த 'கசகறணம்' என்னும் நாவல் அக்கரைப்பற்றுச் சந்தையிலே தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் மக்களும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த வாழ்வையும், அது சிதைந்ததையும், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்வது. அதனை எத்தனை வீடுகளிலே காணலாம்?

நல்லிணக்கம் பற்றிக் கூட்டத்திற் பேசுவது எளிது. கைலாகு கொடுத்து நிழற்படம் எடுப்பது அதனினும் எளிது. ஒரு கதையை வாசிப்பதோ சற்றுக் கடினம். ஏனெனில் அரை மணி நேரம் அந்த வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும். அவர்கள் அடுப்பங்கரையின் புகை உம் கண்ணிலும் படவேண்டும். அப்படி இருந்து எழுந்து வந்தவன் மறுநாள் ஒரு வதந்தியைக் கேட்டவுடன் கல்லை எடுக்கமாட்டான் என்று நாம் உறுதி கூறவில்லை. ஆனால், எடுக்குமுன் ஒரு கணம் தயங்குவான். அந்த ஒரு கணத்துக்காக எத்தனை உயிர்கள் காத்துக் கிடந்தன என்பதை இக்கரையோரம் அறியும்.

வாவிக்கு இக்கரையும் அக்கரையுமாகவும் இதே நிலைதான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. பாதையிலே ஏறி நீரைக் கடக்கக் காத்துநின்ற இடத்தில் இன்று வாகனங்கள் ஓடுகின்றன. எனினும் எழுவான்கரைக் கந்தோரிலே இருப்பவருக்குப் படுவான்கரைக் குடும்பம் என்பது மானியப் படிவத்திலே ஓர் எண். நீருக்கு மேலே பாலம் கட்டிவிட்டோம். மனத்துக்கு மேலே கட்டும் பாலம் நூலகத் தட்டிலே தூசி படிந்து கிடக்கின்றது.

பதரும் நெல்லும்

"எல்லாம் சரி, எம்மவர் எழுதுவதிலே தரம் எங்கே?" என்று கேட்போர் இருக்கின்றனர். இக்கேள்வியை நாம் ஒதுக்கமாட்டோம். உண்மையைச் சொல்வோம்: வெளியாகும் தொகுதிகள் எல்லாம் சிறந்தனவல்ல. அவசரத்தில் எழுதி, எழுத்துப்பிழை திருத்தாமல் அச்சிட்டு, அணிந்துரை நான்கால் முட்டுக்கொடுத்து நிறுத்திய நூல்கள் உண்டு. கண்ணீரையே கதை என்று நம்பிய நூல்கள் உண்டு.

ஆனால், தரம் எங்கிருந்து வரும்? உழவரைக் கேளுங்கள், அவர் சொல்வார். களத்திலே குவிந்ததெல்லாம் நெல்லன்று. பதரும் கலந்தே கிடக்கும். காற்றுப் பார்த்துத் தூற்ற வேண்டும். பதர் பறக்கும், மணி நிற்கும். பதர் உண்டு என்பதற்காகக் களத்தையே கொளுத்திய உழவன் எங்கேனும் உண்டா? வாசகனே இலக்கியத்தின் காற்று. வாசகன் இல்லாத களத்திலே பதரும் நெல்லும் ஒன்றாகவே கிடந்து மக்கும். நல்லதை நல்லதென்றும் அல்லதை அல்லதென்றும் சொல்ல ஆளில்லாதபோது, எழுத்தாளனுக்குப் பொன்னாடையும் ஒன்றே, பழந்துணியும் ஒன்றே.

'தீ' வெளிவந்தபோது எழுந்த கண்டனக் கூக்குரலை மூத்தோர் அறிவர். அந்நூலை ஏற்க வேண்டுமென்று எவரையும் நாம் வற்புறுத்தவில்லை. வாசித்துவிட்டு வெறுப்பவனை மதிக்கிறோம். வாசியாமல் வெறுப்பவனையும், வாசியாமல் வாழ்த்துபவனையும் எம்மால் மதிக்க முடியவில்லை.

தமிழகத்து எழுத்தை வாசிப்பவரை நாம் குறை கூறவில்லை. புதுமைப்பித்தன் தமிழர் அனைவருக்கும் பொதுச் சொத்து. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் துயரை அவர் 'துன்பக்கேணி'யிலே எழுதினார். கடலுக்கு அப்பால் இருந்தவருக்கு எமது நாட்டின் கண்ணீர் தெரிந்தது. எமக்கோ மூதூரின் வ. அ. இராசரத்தினம் 1962இல் தந்த 'தோணி'யும், சொந்தமாக ஒரு தோணிக்கு ஏங்கும் மீனவச் சிறுவனும் தெரியவில்லை. அயலூர்ச் சந்தைக்குப் போவது தவறன்று. சொந்தத் தோட்டத்து மரம் காய்த்ததைப் பாராமற் போவதே தவறு.

செய்ய வேண்டியவை

குறை மட்டும் கூறி நிறுத்துவது எமது வழக்கமன்று. நாம் வேண்டுவன சில.

விழா எடுப்போர் உரைகளைப் பாதியாகக் குறைக்கட்டும். மிச்ச நேரத்திலே நூலின் கதை ஒன்றை, நல்ல குரலுள்ள ஒருவர், முழுமையாக வாசிக்கட்டும். சிறப்புப் பிரதி பெற்றவர் எவரேனும் ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்து, அந்நூலைப் பற்றி மனத்திற் பட்டதைச் சொல்லட்டும். வாழ்த்துரை வேண்டாம், வாசித்த உரை வேண்டும்.

மாதச் சம்பளம் பெறுவோர் மாதத்துக்கு ஒரு நூல் வாங்கட்டும். உழவர் போகத்துக்கு ஒரு நூல் வாங்கட்டும்: பெரும்போகத்துக்கு ஒன்று, சிறுபோகத்துக்கு ஒன்று. ஒரு வீட்டிலே ஆண்டுக்கு இரண்டு நூல் சேர்ந்தால், பத்து ஆண்டில் அது இருபது நூல் கொண்ட வீடு. எமது எழுத்தாளர் அச்சிடும் சில நூறு பிரதிகள் அப்போது நண்பர் வட்டத்துக்குள்ளே இலவசமாகச் சுற்றிக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஊர் வாசிகசாலைகளைத் திறவுங்கள். பத்திரிகை ஒன்றும் கரம் பலகை ஒன்றும் இருந்தால் அது வாசிகசாலை ஆகிவிடாது. இப்பிரதேசத்துக் கதை நூல்களுக்கென ஒரு தட்டு ஒதுக்குங்கள். தமிழூர் வாசிகசாலையில் முஸ்லிம் எழுத்தாளரின் நூலும், முஸ்லிம் ஊர் நூலகத்தில் தமிழ் எழுத்தாளரின் நூலும் முதல் வரிசையில் இருக்கட்டும்.

போயா நாள் மாதந்தோறும் வருகின்றது; விடுமுறையும் நிலவும் சேர்ந்தே வருகின்றன. அன்றிரவு ஒரு கதையை உரத்து வாசியுங்கள். எழுத்தறியாத மூதாட்டியும் கேட்கட்டும். வழக்குரை கேட்ட காது அது. தவறு இருந்தால் அவரே முதலிற் சொல்வார்.

நூல் கிடைக்கவில்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பின் நினைவு மறையாத தலைமுறையினர் 2005இல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் அங்கே உள்ளன. காசு வேண்டியதில்லை. நேரத்தை விழுங்கும் அதே தொலைபேசியிலேயே திறந்து வாசிக்கலாம். வாடியிலே காவலிருக்கும் இளைஞனும் வாசிக்கலாம்.

எப்படி வாசிப்பது என்று கேட்கும் புதியவருக்கு ஒரு வார்த்தை. தடித்த நாவலில் தொடங்க வேண்டாம். சிறிய கதையில் தொடங்குக. படிப்பினையைத் தேட வேண்டாம், மனிதரைத் தேடுக. மூன்று பக்கம் வாசித்தும் மனம் ஒட்டாவிடின் அடுத்த கதைக்குச் செல்லுக, அதிலே குற்றமில்லை. பிடித்த கதையை ஒரு கிழமை கழித்து மீண்டும் வாசிக்குக. முதல்முறை காணாத ஒன்று கண்ணில் தட்டுப்படும். பிறகு அதனை ஒருவருக்குச் சொல்லுக. கதை சொல்லிப் பகிர்ந்தால் வளரும். பூட்டி வைத்தால் பூச்சி அரிக்கும்.

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடுகின்றது என்பது உலகறிந்த செய்தி. விபுலானந்த அடிகள் 1947இல் வெளியான தமது 'யாழ் நூல்' ஆராய்ச்சியிலே இசையைத் தேடிச் சென்றபோது, இந்த வாவியின் ஒலியையும் நினைந்தார். அந்தப் பாட்டைக் கேட்கும் முறையை வாவிக் கரையார் அறிவர். நிலவுள்ள இரவில் தோணியை நடுநீரிலே நிறுத்த வேண்டும். துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் காதிலே வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோணியில் இருப்போர் பேச்சை நிறுத்த வேண்டும்.

இலக்கியத்துக்கும் அதுவே முறை. அறுபது, எழுபது ஆண்டுகளாக இந்தக் கரையிலே எம்மவர் கதை சொல்லிக்கொண்டிருக்கின்றனர். நாமோ தோணியில் இருந்தபடி அவர்களை வாழ்த்தி உரையாற்றிக்கொண்டே இருக்கிறோம். போதும்! பொன்னாடையை மடித்து வையுங்கள். காரின் பின்னிருக்கையிலே கிடக்கும் அந்த நூலை எடுத்து வாருங்கள். கடதாசியைப் பிரியுங்கள். முதற் பக்கத்தைத் திறவுங்கள்.

பேச்சை நிறுத்துவோம், கேட்போம்!